ஏழெட்டுப் பதினைந்து

அறியாமை இருளைக் கிழித்துக்கொண்டு அறிவுச் சூரியன் உதிக்கிற அந்தப் புனிதமான கணத்தைக் கண்ணால் கண்டவர்கள் இந்தப் பூமியில் வெகு சிலரே. நாமிகோம்பே ஆரம்பப் பள்ளியில் அந்தச் சூரியன் பள்ளித் தவணைக்கு ஒருமுறை தவறாமல் உதித்தது. வெளிநாட்டு விருந்தாளி வந்து இறங்கிய ஐந்தாம் நாள், இடைவேளை மணிக்குச் சற்று முன்னால் உதிக்கும். ஒத்திகை அதற்கு முந்தின வாரமே முடிந்திருக்கும்.

சூரியனை உதிக்க வைத்துக்கொண்டிருந்தவர் வைசன் நமலோம்பா, எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். ஏரிக்கரைக் காற்றில் மெலிந்து காய்ந்த ஆள். கார் டயரில் வெட்டித் தைத்த செருப்பு, ஞாயிற்றுக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் ஒரே சட்டை, அதன் பையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. அந்தக் கைக்குட்டையில்தான் பள்ளியின் நிர்வாகமே மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இதற்கெல்லாம் காரணம் முதன்முதலில் வந்த தாடிக்காரப் பையன். அறக்கட்டளை ஒன்று அவனைக் கடல் தாண்டி அனுப்பியிருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லித்தருவது அவனுடைய லட்சியம். அவன் வண்ணச் சாக்பீஸ் டப்பாவைத் திறப்பதற்குள் பிள்ளைகள் எழுந்து நின்று பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார்கள். பையன் முகம் செத்துப்போயிற்று. "இவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு" என்று தலைமையாசிரியரிடம் போய்ப் புகார் சொன்னான், ஏதோ காசைக் கொடுத்து ஏமாந்தவன் போல. மூன்றாம் நாள் அவனுக்கு வயிறு கெட்டது. ஒரு வாரத்தில் ஊரைவிட்டே போனான். அவனைத் தொடர்ந்து வரவேண்டிய கூரைத் தகடுகளும் அவன் பின்னாலேயே போய், குன்றுக்கு அந்தப் பக்கம், பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாத ஒரு பள்ளியின் தலையில் ஏறிக்கொண்டன. தலைமையாசிரியர் லிக்கோஸ்வே சைக்கிளில் போய் அந்தத் தகடுகள் வெயிலில் மின்னுவதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் களியைத் தொடவில்லை.

மறுநாள் வைசனைக் கூப்பிட்டார்.

"நம்ம புள்ளைங்களுக்கு அறிவு ஜாஸ்தியாப் போச்சுய்யா. அதுக்கு ஏதாவது பண்ணு."

வைசன் பண்ணினார். எடுத்த காரியத்தை அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை அவர். முதல் நாள் தலை குனிந்த மௌனம், எழுப்பிக் கேட்டால் மட்டும் தப்பான விடை. இரண்டாம் நாள் எல்லோரிடமும் தப்பான விடை. அதிலும் நாலு பேர் நம்புகிற மாதிரித் தப்பாக இருக்க வேண்டும். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் நூறு என்று உளறக் கூடாது. பெருக்கலைக் கூட்டல் என்று நினைத்துவிட்ட அப்பாவியாக, பதினைந்து என்று சொல்ல வேண்டும். நாலாம் நாள் ஐம்பத்துநான்கு. விருந்தாளிக்கு அப்போது நெஞ்சு படபடக்க ஆரம்பிக்கும். ஐந்தாம் நாள் ஐம்பத்தாறு. கைக்குட்டை சட்டைப்பைக்குள் இருந்தால் தப்பான விடை. வெளியே வந்து வாத்தியார் முகத்தைத் துடைத்தால் சரியான விடை. இவ்வளவுதான் இலக்கணம்.

ஒழுங்காகத் தப்புச் சொல்ல வேண்டுமானால் சரியான விடை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் முக்கிய வேடம் எஸ்னாத்துக்குப் போனது. அந்தப் பள்ளியில் அவளைப் போலக் கணக்குப் போட யாருமில்லை, வைசனையும் சேர்த்து. விரலை மடக்கி மடக்கி எண்ணி, எட்டாவது விரலில் வழி தவறி, மறுபடி கட்டை விரலிலிருந்து ஆரம்பிப்பாள். ஐந்தாம் நாள் விடை உதிக்கும்போது இரண்டு உள்ளங்கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாள். அது வைசன் சொல்லித்தராதது, அவளாகவே சேர்த்தது. போன தவணை வந்த செம்பட்டைமுடிப் பெண் அதைப் பார்த்துக் கதறி அழுது, அழுகிற தன்னையே போட்டோவும் எடுத்துக்கொண்டாள்.

பலன் கைமேல் கிடைத்தது. இரண்டு வகுப்பறைக்குத் தகரக்கூரை, ஒரு கைப்பம்பு, ஊருக்கே போதுகிற அளவுக்குக் கால்பந்து. யாருக்கும் நஷ்டமில்லை. விருந்தாளி வண்டி ஏறியதும் வைசன் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு நிஜமான பாடத்தை ஆரம்பிப்பார். எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்தவர்கள் எஸ்னாத்துக்கு நாலு வருஷமாக ஏழெட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்க, அவள் வர்க்கமூலத்தைத் தாண்டிப் போய்விட்டிருந்தாள்.

இந்த நாடகத்துக்கு ஒத்துவராத பிள்ளை ஒன்றே ஒன்று: ஜெனலா. தலைமையாசிரியரின் தங்கை மகள், எஸ்னாத்தின் வகுப்புதான். பயந்த சுபாவம். வெள்ளைக்காரர்கள் ஏதாவது கேட்டால் மிரண்டுபோய் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவாள். வாயில் வருவதோ ஐம்பத்தாறு. ஒத்திகையில் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பதிந்திருந்த ஒரே கணக்கு அதுதான். ஆறேழு கேட்டாலும் ஐம்பத்தாறு என்பாள், தேதி கேட்டாலும் ஐம்பத்தாறு என்பாள். "தப்பாச் சொல்லக்கூடத் துப்பில்லையே உனக்கு" என்று வைசன் திட்டி, விருந்தாளி வருகிற நாட்களில் அவளை மாமரத்துக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவார்.

அந்த வருஷம் ஏரி வற்றிப் பின்வாங்கியிருந்தது. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. எஸ்னாத்தின் அப்பன் மீனைத் தேடி மொசாம்பிக் பக்கம் போனவன், அங்கே மீனைக் கண்டானோ வேறு யாரைக் கண்டானோ, திரும்பவில்லை. அம்மா ஃபலேசி பள்ளி வாசலில் மண்டாசி என்கிற எண்ணெய்ப் பணியாரம் சுட்டு விற்றாள். இந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணின் காரியத்தை முடிவு செய்வது தாய்மாமன். அக்கா தங்கை பெற்றதுதான் ஆம்பளைக்குத் தன் பிள்ளை. தான் பெற்றது மனைவி வீட்டுக் கணக்கு. எஸ்னாத்தின் மாமன் கெட்டவன் இல்லை. எட்டாம் வகுப்பு முடியட்டும் என்று காத்திருந்தான். அதற்கு மேல் விடுதிப் பள்ளிக்கு அனுப்ப அவனிடம் வழியில்லை. படகுத்துறையில் ஒரு கருவாட்டு வியாபாரி இருந்தான், மோட்டார் சைக்கிள் உள்ளவன், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். அவன் எஸ்னாத்தைப் பெண் கேட்டு அனுப்பியிருந்தான். நெல் அறுப்பு வரைக்கும் பொறுங்கள் என்று மாமன் காலிலேயே விழாத குறையாக வைசன் கெஞ்சி வைத்திருந்தார். "அவளை நான் படிக்க வச்சுக் காட்டுறேன் அக்கா" என்று ஃபலேசியிடமும் வாக்குக் கொடுத்திருந்தார். எப்படி என்று அவருக்கே தெரியாது. அறக்கட்டளைக்காரர்கள் யாராவது ஒருநாள் ஏதாவது செய்வார்கள் என்று ஒரு நம்பிக்கை. கூரையே கொடுத்தவர்கள்.

அப்படித்தான் ஒருநாள் வந்தார்கள். சாதாரண ஆள் இல்லை; அறக்கட்டளையின் தலைவியம்மாள் பிர்கிட் மேடமே வந்தார். பள்ளியைப் பார்க்க வருகிறார் என்று மட்டும் தலைமையாசிரியருக்கு போனில் சொல்லியிருந்தார்கள். ஊர்த்தலைவர் வீட்டிலிருந்து மெத்தை நாற்காலி வந்தது. யார் வீட்டுக் கோழி என்று பெற்றோர்களுக்குள் சின்னதாகச் சண்டை நடந்து, கடைசியில் ஃபலேசியின் கோழி பிடிபட்டது. வரவேற்புப் பாட்டு முடிந்ததும் மேடம், எட்டாம் வகுப்புப் பெண்களை மட்டும் மாமரத்தடியில் உட்காரச் சொன்னார்.

அவர் கையில் சாக்பீஸ் டப்பா இல்லை. பந்து இல்லை, விரலில் மாட்டுகிற பொம்மை இல்லை. வைசன் அதைக் கவனித்தார். பெரிய மனுஷர்கள் சாமான் தூக்குவதில்லை என்று தனக்குத்தானே விளக்கமும் சொல்லிக்கொண்டார்.

"இதுல எஸ்னாத் யாரு?" என்று மேடம் கேட்டார்.

எஸ்னாத் எழுந்தாள்.

"ஏழெட்டு எவ்வளவும்மா?"

எஸ்னாத் வைசனைப் பார்த்தாள். வழக்கமாகப் பார்க்கிற பார்வையைவிட அது கொஞ்சம் நீளமாக இருந்தது. பிறகு மேடத்துக்குப் புரியாத ஊர்ப் பேச்சில், உதடு அசையாமல் சொன்னாள்: "சார், இவங்க சாக்பீஸ் கொண்டு வரல."

வைசன் மேடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அதே பேச்சில் பதில் சொன்னார்: "உன் வேலையப் பாரு புள்ள. எப்பவும் போல."

"என்ன சொல்றா?" என்றார் மேடம்.

"உங்களுக்கு வணக்கம் சொல்றா மேடம்."

சொல்லிவிட்டு, பையிலிருந்து சற்றே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கைக்குட்டையை ஒரு விரலால் உள்ளே நன்றாக அமுக்கிவிட்டார்.

எஸ்னாத் விரலை மடக்கினாள். எட்டாவது விரலில் வழி தவறினாள். மறுபடி ஆரம்பித்தாள். "பதினைஞ்சு" என்றாள்.

மேடத்தின் முகம் தொங்கிப்போனது. வைசனுக்கு உள்ளே குளிர்ந்தது. முதல் நாள் முகம் எவ்வளவு தொங்குகிறதோ அவ்வளவு தகரம் வரும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. மேடம் விடாமல் சுலபமான கேள்விகளுக்கு இறங்கி வந்தார். எஸ்னாத்தும் மரியாதை தெரிந்த பெண், கூடவே இறங்கி வந்தாள். ஆறைந்து பதினொன்று. மூணு நாலு ஏழு. மற்றப் பெண்களிடம் கேட்டபோது, ஒத்திகைப்படி எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவ்வளவு சுத்தமான முதல் நாளை அந்தப் பள்ளி அதுவரை கண்டதில்லை.

அப்போது மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பாவாடை நுனி தெரிந்தது. மேடம் எட்டிப் பார்த்தார். "நீ சொல்லு. ஏழெட்டு?"

"ஐம்பத்தாறு" என்று கத்திவிட்டு ஜெனலா முகத்தை மூடிக்கொண்டாள்.

வைசன் அவளை முறைத்தார். மேடம் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டார்.

விஷயம் சாப்பாட்டில்தான் வெளியே வந்தது. தலைமையாசிரியர் வீட்டுக் கூடத்தில் களியும் ஃபலேசியின் கோழியும் பரிமாறப்பட்டிருந்தன. மேடம் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். இங்கே வந்துபோன தொண்டர்கள் எல்லோரும் எஸ்னாத் என்று ஒரு பெண்ணைப் பற்றியே பேசினார்களாம். அவளைச் சோம்பா நகரத்தில் விடுதிப் பள்ளியில் சேர்த்துக் கடைசி வகுப்பு வரை அறக்கட்டளை செலவிலேயே படிக்க வைப்பது என்று முடிவு செய்துதான் வந்தாராம். முன்கூட்டியே சொன்னால் பிள்ளைகளைத் தயார் செய்துவிடுவார்கள் என்று சொல்லவில்லையாம். ஆனால் பாவம், கற்றுக்கொடுத்தது எதுவும் அந்தப் பெண்ணிடம் தங்கவில்லை. மனசு கனத்துத்தான் போகிறது, இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. ஒதுங்கி உட்கார்ந்து தானே கற்றுக்கொண்ட அந்தக் கூச்ச சுபாவப் பெண்ணுக்குத்தான் இடம். பெயரைத் தலைமை அலுவலகத்துக்குப் போனிலேயே சொல்லியாகிவிட்டது.

வைசன் கையிலிருந்த கோழிக்கால் வாய்க்குப் போகவும் இல்லை, தட்டுக்குத் திரும்பவும் இல்லை. லிக்கோஸ்வே ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தார். பிறகு மேடத்துக்கு இன்னொரு துண்டு வைக்கச் சொன்னார்.

மேடம் வண்டி ஏறி, சந்தையடி விடுதிக்குப் போனதும் வைசன் தலைமையாசிரியரைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் மடக்கினார்.

"சார், நேரப் போயி உண்மையச் சொல்லிடலாம்."

"சொல்லலாமே. எந்த வருஷத்து உண்மையிலேருந்து ஆரம்பிப்ப?"

லிக்கோஸ்வே கொட்டகைக் கூரையிலிருந்து ஒரு குச்சியை உருவிக்கொண்டார்.

"தாடிக்காரனுக்கு அப்புறம் வந்த பொண்ணுகிட்டேருந்தா? அழுதுச்சே ஒண்ணு, அதுகிட்டேருந்தா? கொஞ்சம் அண்ணாந்து பாரு. அந்தத் தகரம் உண்மையா, பொய்யா? கழட்டிக் குடுத்துடுவியா?"

"அந்தப் புள்ள வாழ்க்கை சார்."

"ஜெனலாவும் புள்ளதான். என் தங்கச்சி வயித்துல பொறந்தது. நான் கேட்டேனா? ஒரு வார்த்தை சிபாரிசு பண்ணேனா? அதுவா வந்துச்சு. நீதானய்யா அவளை மரத்துக்குப் பின்னாடி உக்கார வச்ச." லிக்கோஸ்வே அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நன்றியாகத்தான் சொன்னார். பிறகு பல்லைக் குத்திக்கொண்டே, தீவுப் பள்ளிக்கு ஒரு கணக்கு வாத்தியார் கேட்டிருக்கிறார்கள் என்று சும்மா ஒரு தகவலாகவும் தெரிவித்தார். தீவுப் பள்ளிக்குப் படகில்தான் போக முடியும். இப்போது ஏரியில் படகு ஓடத் தண்ணீரும் இல்லை.

பள்ளி வாசலில் ஃபலேசி மண்டாசி சுட்டுக்கொண்டிருந்தாள். சேதி அவளுக்கு முன்பே வந்திருந்தது. கோழி போன வீடாயிற்றே. வைசன் எதிரில் வந்து நின்றார். அவள் நிமிரவில்லை.

"எம் பொண்ணு இன்னைக்கு ரொம்ப நல்லா நடிச்சாளாமே வாத்தியாரே."

"அக்கா, நான் நெனைக்கல."

"ஏழெட்டு ஐம்பத்தாறுன்னு எனக்கே தெரியும். நாலு வருஷமா வீட்டுல ஒத்திகை பாக்குறா இல்ல. அடுப்புக்கு முன்னாடி நின்னு வாயப் பொத்திக்குவா. நான்தான் கேப்பேன், இன்னும் கொஞ்சம் மெதுவாப் பொத்துடின்னு." எண்ணெயில் கிடந்த உருண்டைகளைப் புரட்டிவிட்டாள். "எங்க அண்ணன் துறைப் பக்கம் போயிருக்கு. கருவாட்டுக்காரன்கிட்டப் பேசிட்டு வர."

ஒரு மண்டாசியை எடுத்துத் தாளில் வைத்து அவரிடம் நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் வைசன் எஸ்னாத்தை சைக்கிள் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு சந்தையடிக்கு மிதித்தார். வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனார். இரண்டே வாக்கியம். இந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும். நான்தான் பொய் சொல்லச் சொன்னேன். முதல் வாக்கியம் சுலபமாக வந்தது. இரண்டாவது, ஏற்றத்தில் மிதிக்கிற சைக்கிள் போல ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது.

மேடம் விடுதி வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பெட்டிகள் வண்டியில் ஏறியாகிவிட்டன. வைசன் ஊர் வழக்கப்படி முழங்காலைச் சற்று மடக்கி, கையைத் தட்டி வணக்கம் சொன்னார். "மேடம், இவள மறுபடி ஒருதடவை கேளுங்க."

மேடம் தயங்கி, எஸ்னாத்துக்கு வலிக்கக் கூடாதே என்பது போல மெல்லக் கேட்டார். "ஏழெட்டு?"

"ஐம்பத்தாறு" என்றாள் எஸ்னாத். வாயைப் பொத்துவதற்குக் கை போகவில்லை.

"பன்னிரண்டு பன்னிரண்டு?"

"நூத்தி நாப்பத்திநாலு."

அதற்குப் பிறகு அவள் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. பதின்மூன்று பதினேழு இருநூற்று இருபத்தொன்று என்றாள். இருபத்துமூன்று பதினேழு முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று என்றாள். மேடத்தின் டீ ஆறியது. அவளோ நிறுத்தாமல், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், வீட்டைக் காலி செய்கிறவள் சாமான்களை வாசலில் எடுத்து வைப்பது போல ஒவ்வொரு கணக்காக எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

மேடம் கோப்பையைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் பார்த்தது எஸ்னாத்தை அல்ல, வைசனை.

"ஒரே ராத்திரியிலயா?"

வைசனுக்கு முதலில் புரியவில்லை.

"நேத்து மூணு நாலு தெரியாத பொண்ணு. ஒரே ராத்திரியில உக்காத்தி வச்சு இவ்வளவு சொல்லிக்குடுத்திருக்கீங்க. எங்க ஆளுங்களுக்கு அஞ்சு நாள் ஆகுது. இந்த ஊர்ல பாத்துத்தான் அதுக்கு 'ஐந்து நாள் முறை'ன்னே பேர் வச்சோம். இப்ப எத்தனையோ நாட்டுல அதைத்தான் சொல்லிக்குடுக்குறோம்."

"இல்ல மேடம்" என்றார் வைசன். முதல் வாக்கியம் வெளியே வந்தது: "இவளுக்கு முன்னாடியே எல்லாம் தெரியும்."

மேடம் அவரை அன்போடு பார்த்துத் தலையை ஆட்டினார். "நல்ல வாத்தியாருங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. எல்லாம் புள்ளைக்குள்ளயே இருக்கு, நாங்க வெளிய கொண்டு வர்றோம், அவ்வளவுதான்னு."

இனி இரண்டாவது வாக்கியம்தான் பாக்கி. வைசனின் கை சட்டைப்பைக்குப் போய்க் கைக்குட்டையை வெளியே எடுத்தது. எஸ்னாத் அதைப் பார்த்தாள். நாலு வருஷமாக அவளுக்கு அதன் அர்த்தம் ஒன்றே ஒன்று. கணக்குச் சொல்வதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வைசன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தகரக்கூரை நினைவுக்கு வந்தது, தீவு நினைவுக்கு வந்தது. எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பிள்ளைகள் ஐந்தாம் நாள் வாயைப் பொத்திக்கொள்வது நினைவுக்கு வந்தது. கைக்குட்டையை மடித்து மறுபடி பைக்குள் வைத்தார்.

எஸ்னாத் கண்ணை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டாள். முதல் நாள் வைக்கிற மாதிரியே.

பெயரை இனி மாற்ற முடியாது என்று மேடம் வருத்தப்பட்டார். ஆனால் ஒரு விதத்தில் நல்லதுதான் என்று தோன்றுகிறது, இப்படி ஒரு வாத்தியார் பக்கத்திலேயே இருக்கும்போது இந்தப் பெண்ணுக்கு விடுதிப் பள்ளி எதற்கு என்றார். பேசிக்கொண்டிருந்தவர் வைசனின் காலைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். டயர்ச் செருப்பின் ஒரு வார் கயிற்றால் கட்டியிருந்தது. மேடம் விறுவிறுவென்று வண்டிக்குப் போய், பெட்டியைத் திறந்து, தன்னுடைய நடைச்செருப்பு ஒரு ஜோடியை எடுத்து வந்து கொடுத்தார். வைசன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முழங்காலை மடக்கினார். கை நிறையச் செருப்பு இருந்ததால் தட்ட முடியவில்லை.

திரும்பும்போது எஸ்னாத் பின்சீட்டில் அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சேறு காய்ந்து வெடித்த ஏரி ஒரு பக்கம் கூடவே வந்தது. படகுத்துறைத் திருப்பத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அதைத் தாண்டியதும்தான் அவள் பேசினாள்.

"அடுத்த தவணைக்குப் பதினைஞ்சு யாரு சார் சொல்லுவா?"

ஏற்றம் வந்தது. வைசன் எழுந்து நின்று மிதித்தார்.

நெல் அறுப்புக்கு முன்பே எஸ்னாத் துறைக்கு, கருவாட்டு வியாபாரி வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுடைய இடத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பெண்ணை எடுத்து, வைசன் ஒத்திகை ஆரம்பித்தார். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். வார் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு சின்னப் பூ தைத்திருந்தது. அது பெண்கள் போடுகிற செருப்பு. அவருக்கு அளவு சரியாக இருந்தது.